விலை கூறும் வாயும் மொழி காக்கும் வாயே



கும்மிடிப்பூண்டி வட்டத்துத் தேர்வாய் கண்டிகை இரண்டு செய்திகளால் நாடறிந்த ஊர். ஒன்று, ஆடுமாடு மேய்ந்த நிலத்தில் சிப்காட் தொழிற்பூங்கா எழுந்ததும், அதனை எதிர்த்து ஊர்மக்கள் நெடுநாள் போராடியதும். மற்றொன்று, கண்ணன்கோட்டை ஏரியையும் தேர்வாய் கண்டிகை ஏரியையும் இணைத்துக் கட்டி, 2020ஆம் ஆண்டு நவம்பர் 21ஆம் நாள் திறக்கப்பெற்ற நீர்த்தேக்கம். 50 கோடி கன அடி நீர் கொள்ளும் அந்தத் தேக்கத்தின் நீர் சென்னையின் குடிநீர். நிலம் தொழிலுக்குப் போயிற்று. நீர் தலைநகருக்குப் போகிறது. இவ்வூர்ப் பிள்ளைகளிடம் எவரும் எடுத்துச் செல்லாத செல்வம் ஒன்று இன்னும் இருக்கிறது. அது அவர்தம் குரல்.

குரல் ஒரு செல்வமா என்று கேட்பார் உளர். வானொலியைத் திருப்புங்கள்; தொலைக்காட்சியைப் பாருங்கள்; கைப்பேசியைத் திறங்கள்; கடைத்தெருவில் நில்லுங்கள். வழலைக்கட்டியிலிருந்து வைப்புத்தொகை வரை எல்லாவற்றையும் ஒரு குரல் விற்றுக்கொண்டிருக்கிறது. அந்தக் குரலுக்குக் கூலி உண்டு. ஆயின் அந்தக் குரலில் தமிழ் உண்டா? ஊர்ப்பிள்ளை ஒருவர் அந்தத் தொழிலுக்குப் பழகத் தொடங்கும்போது முதலில் செய்வது என்ன? தம் நாவில் இயல்பாய் இருக்கும் தமிழை ஒதுக்கிவிட்டு, ஆங்கிலம் படித்தவர் தமிழைக் கடித்துத் துப்புவதுபோல் ஒரு பொய்க்குரலை வருவித்துக்கொள்வதன்றோ? அந்த ஒதுக்கலைத் தடுப்பதே இப்பொழிவின் நோக்கம். விளம்பர உரையை எப்படிப் படித்துப் பழகுவது, பக்கத்தில் இயக்குநர் இல்லாதபோது தம்மைத் தாமே எப்படித் திருத்திக்கொள்வது என்பதைத் தமிழ் இலக்கணத்தின் துணைகொண்டு இங்கே காண்போம்.

உப்பு விற்றவள் காட்டிய வழி

விளம்பரம் மேலைநாட்டார் தந்த கலை என்பது பலர் எண்ணம். அமெரிக்காவின் நியூயார்க்கு நகரில் 1922ஆம் ஆண்டு ஆகத்து 28ஆம் நாள், வீட்டுக் குடியிருப்புகளை விற்கும் நிறுவனம் ஒன்று வானொலி நிலையத்துக்கு 50 தாலர் கொடுத்து ஏறத்தாழப் பத்து மணித்துளி பேசிற்று. காசு வாங்கிக்கொண்டு ஒலிபரப்பிய முதல் விளம்பரம் என்று அதனைக் குறிப்பர். வானொலிக் கருவி அவர்களுடையது என்பது மெய். ஆனால் கூறி விற்கும் கலை அவர்களுடையது அன்று.

அகநானூற்றைத் திறந்து பாருங்கள். உப்பு வணிகரான உமணரின் மகள் ஒருத்தி சேரிதோறும் நடந்து உப்பு விற்கிறாள். அவள் கூவும் முறையைப் புலவர் எத்துணை நுட்பமாய்க் காட்டுகிறார்! முதலில், நெல்லுக்கு உப்பு நேர் என்று விலையைச் சொல்கிறாள். பிறகு ஊராரை விளிக்கிறாள். இறுதியில், கொள்ளமாட்டீரோ என்று கேட்கிறாள். செய்தி, விளி, வேண்டுகோள் என்னும் மூன்று உறுப்பும் ஓரிரு அடிக்குள் முடிந்துவிடுகின்றன. இன்று 30 நொடி விளம்பரத்துக்கு எழுதுகின்றவர் எவராயினும் இம்மூன்றுக்கு மேல் நான்காவதாக எதனையும் கண்டுபிடித்துவிடவில்லை.

மணிமேகலையின் முதற்காதை விழாவறை காதை. முரசை யானையின் பிடரியில் ஏற்றி, முதுகுடிப் பிறந்தோன் ஒருவன் இந்திர விழாவைப் புகார் நகருக்கு அறிவிக்கிறான். எடுத்த எடுப்பில் ஆணையிடாமல் முதற்கண் நகரை வாழ்த்துகிறான். அதன் பின்னரே தோரணம் கட்டுக, மணல் பரப்புக என்று செய்ய வேண்டுவனவற்றை அடுக்குகிறான். கேட்போரை மதித்து அவர் நலத்தை முன்னிறுத்திய பிறகே அவரிடம் ஒன்றை வேண்டுதல் என்பது நம் அறிவிப்பு மரபு. உப்பு விற்றவளும் முரசறைந்தவனும் இன்றைய விளம்பரக் குரலுக்கு முன்னோர். முன்னோர் இருக்கத் தமிழ்க் குரல் ஏன் ஏதிலியைப்போல் நடந்துகொள்ள வேண்டும்?

கடலுக்கு அப்பாலிருந்து வந்த தமிழ்

வானொலியில் தமிழ் விளம்பரம் எப்படி ஒலிக்கலாம் என்பதைத் தமிழ்நாட்டுக்கு நெடுங்காலம் காட்டியது இலங்கை வானொலி. 1925இல் கொழும்பில் தொடங்கிய அவ்வொலிபரப்பு 1950இல் வணிக ஒலிபரப்பையும் மேற்கொண்டது. இந்திய வானொலியோ அப்போது விளம்பரம் ஏற்பதில்லை. பி.வி. கேசுகர் நடுவண் அமைச்சராய் இருந்த 1950களில் திரைப்பாடல்களுக்கும் அங்கே இடம் சுருங்கிற்று. பாட்டு வேண்டியவர் கொழும்புக்குத் திரும்பினர். பாட்டோடு விளம்பரமும் வந்தது. விளம்பரத்தோடு நல்ல தமிழும் வந்தது. அதன் பிறகே 1957ஆம் ஆண்டு அத்தோபர் 3ஆம் நாள் இந்திய வானொலி 'விவித பாரதி'யைத் தொடங்கிற்று. அதில் 1967ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள்தான் விளம்பரம் இடம்பெற்றது. அதுவும் மும்பை, புனே, நாகபுரி நிலையங்களில்.

எசு.பி. மயில்வாகனம், கே.எசு. இராசா, இராசேசுவரி சண்முகம், பி.எச். அப்துல் அமீது ஆகியோரின் குரல்களை இன்றும் முதியோர் நினைவிலிருந்து எடுத்துச் சொல்வர். இராசாவின் விரைவு ஒரு வகை. அமீதின் தெளிவு மற்றொரு வகை. விரைந்து சொன்னபோதும் சொல் சிதையவில்லை. நிறுத்திச் சொன்னபோதும் சுவை குன்றவில்லை. அவர்கள் தமிழைப் பிறர்போல் திரித்து ஒலிக்காமல் தமிழாகவே ஒலித்தனர். அதற்காகவே கேட்போர் காத்திருந்தனர். நல்ல ஒலிப்பு வணிகத்துக்குத் தடை என்பார்க்கு இதைவிட வேறு விடை வேண்டுவதில்லை.

இந்தப் பக்கத்திலும் குரல்கள் இல்லாமல் இல்லை. 1947ஆம் ஆண்டு ஆகத்து 15ஆம் நாள் தில்லியிலிருந்து விடுதலைச் செய்தியைத் தமிழில் படித்தவர் பூர்ணம் விசுவநாதன். பல்லாண்டு தில்லித் தமிழ்ச்செய்தி படித்து 2022இல் மறைந்த சரோசு நாராயணசாமியின் குரலைப் படிப்பறியாத உழவரும் அறிவர். ஆனால் அந்நிலையத்தின் பெயரில் 'வானொலி' என்னும் அழகிய தமிழ்ச்சொல்லுக்கு இடமில்லாமல், 'ஆகாசவாணி' என்பதையே எங்கும் சொல்லவேண்டும் என்ற ஆணை 2023இல் வந்தது. ஒலிபரப்புவோர்க்குத் தமிழ்ச்சொல் பெரிதன்று. ஒலிப்போர்க்காவது அது பெரிதாய் இருக்கவேண்டும்.

அண்மை விளியும் சேய்மை விளியும்

இனிப் பயிற்சிக்கு வருவோம். விளம்பர உரையைக் கையில் எடுத்தவுடன் வாய்திறந்து படிப்பது பிழை. முதலில் கேட்க வேண்டிய கேள்வி, 'இது யாருக்கு? அவர் எவ்வளவு தொலைவில் இருக்கிறார்?' என்பது.

தொல்காப்பியர் விளிமரபில் ஒரு நுட்பம் சொல்கிறார். அண்மையில் உள்ளாரை விளிக்கும்போது சொல் தன் இயல்பில் நிற்கும். சேய்மையில் உள்ளாரை விளிக்கும்போது ஓசை நீளும். தெருவில் உப்பு விற்பவள் ஓசையை நீட்டுவது சேய்மை விளி. அடுக்களையில் மகளிடம் தாய் பேசுவது அண்மை விளி. ஒலிபெருக்கியின் முன் நிற்பவர்க்குச் சேய்மை விளி பொருந்தும். வானொலிக்கும் கைப்பேசிக்கும் பதிவு செய்பவரோ கேட்பவரின் காதுக்கு ஒரு சாண் தொலைவில் இருக்கிறார். அவர் ஒலிவாங்கியின் முன் சந்தையில் கூவுவதுபோல் கூவினால் கேட்பவர் ஒலியைக் குறைத்துவிடுவார். இன்றைய விளம்பரக் குரல்களிற் பாதி கெடுவது இந்த ஓர் இடத்தில்தான்: அண்மையில் இருப்பவரைச் சேய்மை விளியால் அழைக்கின்றன. 'வாங்குங்கள்' என்பதன் ஈற்றெழுத்தை நான்கு மாத்திரைக்கு இழுக்கின்றன. ஆகலின், உரையின் தலைப்பில் முதலில் எழுதவேண்டிய குறிப்பு ஒரே சொல்: 'அண்மை' அல்லது 'சேய்மை'.

மூச்சும் மாத்திரையும்

ஒலி உந்தியிலிருந்து எழும் காற்றாலே பிறக்கிறது என்பதும், தலை, மிடறு, நெஞ்சு, பல், இதழ், நா, மூக்கு, அண்ணம் என்னும் எட்டிடம் அதற்குத் துணை என்பதும் பிறப்பியல் கூறும் செய்தி. இன்றைய பயிற்சியாளர் பெருந்தொகை பெற்றுக் கற்பிக்கும் வயிற்று மூச்சுப் பயிற்சி இதுவே. மல்லாந்து படுத்து வயிற்றின்மேல் ஒரு நூலை வைத்துக்கொண்டு, அந்நூல் உயர்ந்து தாழும்படி மூச்சு விடுக. அதே மூச்சில் ஒரு சொற்றொடரை முடிக்கப் பழகுக. நெஞ்சுக்குழியில் மட்டும் மூச்சு வாங்குபவர்க்குத் தொடரின் ஈற்றில் வினைமுற்று வரும்போது காற்று தீர்ந்துவிடும். ஆங்கிலத்தில் வினை நடுவில் நிற்பதால் ஈறு தேய்ந்தாலும் பொருள் பிழைக்கும். தமிழிலோ உயிர் ஈற்றில் இருக்கிறது. 'தருகிறோம்' என்பதா 'தரமாட்டோம்' என்பதா என்று கடைசிச் சொல்லே தீர்க்கிறது. தமிழ் படிப்பவர்க்கு ஈறு வரை மூச்சு நிற்கவேண்டும் என்பது மொழியின் கட்டளை.

அடுத்தது அளவு. விளம்பரம் 10 நொடி, 20 நொடி, 30 நொடி என்று அளந்து விற்கப்படுகிறது. ஆங்கில உரையைச் சொற்களை எண்ணி அளப்பர். அதே முறையைத் தமிழுக்குக் கொண்டுவருவது பிழை. 'காத்துக்கொண்டிருப்பவர்களுக்காகவும்' என்பதும் தமிழில் ஒரு சொல், 'வா' என்பதும் ஒரு சொல். தமிழை அளக்கத் தமிழ் தந்த கோல் மாத்திரை. குறில் ஒன்று, நெடில் இரண்டு, மெய் அரை, குற்றியலுகரம் அரை. இமைப்பொழுதும் கைந்நொடிப்பொழுதும் அதன் அளவு. 'நல்லெண்ணெய்' என்பது நான்கரை மாத்திரை. ஒருவர் தம் இயல்பான நடையில் ஒரு பத்தியைப் படித்து, மணிப்பொறியை வைத்து அளந்து, தமக்குப் பத்து நொடிக்கு எத்தனை மாத்திரை என்று ஒருமுறை கணக்கிட்டுக்கொண்டால் போதும். அதன்பின் எந்த உரை எத்தனை நொடி பிடிக்கும் என்பதை வாய்திறவாமலே சொல்லிவிடலாம்.

இந்தக் கோலைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு பழியையும் தீர்த்துவிடலாம். 'தூயதமிழ் நீளும், நொடிக்கணக்குக்கு ஒத்துவராது' என்று விளம்பரம் எழுதுவோர் கூறுவதுண்டு. எண்ணிப் பாருங்கள். 'உபயோகியுங்கள்' எட்டு மாத்திரை. 'பயன்படுத்துங்கள்' அதுவும் எட்டு. 'சந்தோசம்' ஐந்து, 'மகிழ்ச்சி' நான்கு. 'ஆரோக்கியம்' ஏழு, 'உடல்நலம்' ஐந்து. 'விசேசம்' நாலரை, 'சிறப்பு' மூன்று. எல்லாச் சொல்லுக்கும் கணக்கு இப்படியே அமையும் என்று சொல்வதற்கில்லை. சில இடங்களில் தமிழ்ச்சொல் நீளவும் கூடும். ஆயினும், நீளும் என்னும் பொதுப்பழி பொய் என்பதற்கு இந்நான்கே சான்று. உணர்ச்சியால் வாதிடுவதைவிட எண்ணிக் காட்டி வாதிடுவது வலிமை வாய்ந்தது.

நாவின் பிழை, காசின் பிழை

ஒலிப்புப் பிழை என்பது புலவர்க்கு மட்டும் உறுத்தும் குறை என்று எண்ணற்க. விலை, விளை, விழை என்னும் மூன்றும் ஒன்றாய் ஒலித்தால் வணிகத்தின் அடிப்படையே குழம்பும். 'அரை வாடகை' என்பதற்கும் 'அறை வாடகை' என்பதற்கும் இடையே பாதிப் பணம் இருக்கிறது. 'தந்த பலகை' ஒருவர் கொடுத்தது. 'தந்தப் பலகை' யானைக் கோட்டால் ஆனது. அந்த ஒற்றை ஒருவர் விழுங்கினால் பொருளே மாறிவிடுகிறது.

நிறுத்தும் இடமும் அத்தகையதே. மருத்துவ அறிவிப்பு ஒன்றில் 'நாளும் இரண்டு வேளை உணவுக்குப் பின்' என்று எழுதியிருக்கிறது என வைத்துக்கொள்வோம். 'நாளும், இரண்டு வேளை, உணவுக்குப் பின்' என்று நிறுத்தினால் இரு முறை உண்ணவேண்டும் என்று பொருள். 'நாளும் இரண்டு, வேளை உணவுக்குப் பின்' என்று நிறுத்தினால் இரண்டு மாத்திரை என்று ஒரு முதியவள் கொள்வாள். எழுத்து ஒன்றே, நிறுத்தம் மாறினால் உண்ணும் அளவும் மாறும். ஆகவே உரையைத் தாளில் படியெடுத்து, சிறு நிறுத்தத்துக்கு ஒரு கோடு, பெரு நிறுத்தத்துக்கு இரு கோடு, அழுத்தவேண்டிய சொல்லுக்கு அடிக்கோடு இட்டுக்கொள்க. ஒரு தொடரில் ஓர் அடிக்கோட்டுக்கு மேல் இடற்க. எல்லாவற்றையும் அழுத்துபவர் எதனையும் அழுத்தாதவரே.

தானே ஆசான், தானே மாணாக்கன்

இப்போது ஓர் உரையை எடுத்துக்கொண்டு செய்து பார்ப்போம். ஊரில் செக்கு வைத்திருக்கும் ஒருவருக்காக இப்படி எழுதியிருக்கிறது என்று கொள்க:

'தோசைக்கு மிளகாய்ப்பொடி குழைக்கப் போகிறீர்களா? கொஞ்சம் பொறுங்கள். வெயிலில் காய்ந்த எள்ளை வாகைமரச் செக்கில் மெல்ல ஆட்டி, நான்கு நாள் தெளியவைத்த நல்லெண்ணெய் இது. சிறு புட்டி ஒன்று வாங்குங்கள். மணம் இல்லையென்றால் மீதியைத் திருப்பித் தாருங்கள்.'

பயில்பவர் தேர்வாய் கண்டிகையில் ஓர் ஓட்டுவீட்டில் இருக்கிறார். கையில் ஒரு கைப்பேசி. போதும். மெத்தையும் போர்வையும் உள்ள அறையைத் தேர்க. துணி எதிரொலியைக் குடிக்கும். மின்விசிறியை நிறுத்துக. கைப்பேசியை வாய்க்கு நேரே பிடிக்காமல் ஒரு சாண் தள்ளிச் சற்றே பக்கவாட்டில் வைக்க. இல்லையேல் 'பொடி', 'போகிறீர்களா', 'பொறுங்கள்' என்னும் பகரங்கள் காற்றடித்து வெடிக்கும்.

முதற்பதிவை ஓர் எண் சொல்லித் தொடங்குக: 'ஒன்று'. அதில் அந்த உரையை அடுத்த வீட்டு அக்காளிடம் சொல்வதுபோல் சொல்க. 'இரண்டு' என்று சொல்லி, செக்கின் உரிமையாளர் தம் உழைப்பைப் பெருமையோடு சொல்வதுபோல் சொல்க. 'மூன்று' என்று சொல்லி, உணவின் நடுவே பேரனுக்குப் பாட்டி சொல்வதுபோல் சொல்க. ஒவ்வொரு முறையும் ஒன்றை மட்டும் மாற்றவேண்டும் என்பது இன்றியமையாத நெறி. விரைவையும் உணர்வையும் உரப்பையும் ஒருசேர மாற்றினால், எது நன்மை செய்தது, எது கெடுத்தது என்று பிறகு கண்டறிய முடியாது.

மூன்றும் முடிந்ததும் உடனே கேட்கற்க. தண்ணீர் குடித்து, வெளியே ஒரு நடை நடந்துவிட்டு வருக. பேசியவுடன் கேட்பவர், தாம் பேச எண்ணியதையே கேட்பார், பேசியதைக் கேட்கமாட்டார். ஆசானும் மாணாக்கனும் ஒரே உடம்பில் இருப்பதால், அவ்விருவரையும் பிரிக்க இடைவெளி ஒன்றே வழி. திரும்பி வந்து, உரைத்தாளைக் கையில் எடுக்காமல், கண்ணை மூடிக் கேட்க. மூன்று கேள்விகளுக்கு மட்டும் விடை எழுதுக. என்ன பொருள் விற்கப்படுகிறது என்பது விளங்கியதா? எந்தச் சொல்லில் காது தடுக்கிற்று? கடைசித் தொடரை நம்பத் தோன்றியதா?

மேலே காட்டிய உரையில் உயிர் எங்கே இருக்கிறது? புதியவர் 'நல்லெண்ணெய்' என்னும் சொல்லைத் தூக்கிப் பிடிப்பார். அது பொருளின் பெயர். அதனை இயல்பாய்ச் சொன்னாலே போதும். உயிர் 'திருப்பித் தாருங்கள்' என்பதில் இருக்கிறது. அஃது ஒரு வணிகன் தன் நேர்மையைப் பணயம் வைக்கும் இடம். அதனைக் கூவினால் சூளுரை ஆகிவிடும். தாழ்த்திச் சொன்னால் வாக்கு ஆகும். 'எள்ளை' என்பதில் ளகரமும், 'நல்லெண்ணெய்' என்பதில் லகரமும் ணகரமும் தத்தம் இடத்தில் ஒலித்தால், எள்ளின் நெய்யே எண்ணெய் என்னும் பொருள் சொல்லாமலே தோன்றும்.

கடைசித் தேர்வு வீட்டிலேயே இருக்கிறது. உரையைப் படித்திராத ஒரு மூதாட்டியிடம் பதிவை ஒருமுறை மட்டும் போட்டுக் காட்டி, 'என்ன கேட்டாய் அப்பாயி?' என்று கேட்க. 'யாரோ செக்கெண்ணெய் விற்கிறான், பிடிக்காவிட்டால் திரும்ப வாங்கிக்கொள்வானாம்' என்று அவர் சொல்லிவிட்டால் அப்பதிவு தேறிற்று. 'பெண் நன்றாய்ப் பேசுகிறாள்' என்று மட்டும் சொன்னால் தேறவில்லை. குரலைப் புகழவைப்பது கூத்து. பொருளை விளங்கவைப்பதே விளம்பல்.

எழுதியபடி ஒன்று, திருத்தியபடி ஒன்று

விளம்பர உரைகள் பல பிற மொழியில் எழுதப்பட்டுத் தமிழுக்குப் பெயர்க்கப்படுகின்றன. 'பெறுங்கள் மேலும் வெண்மை, குறைந்த விலையில்' என்பதுபோல் தலைகீழாய் நிற்கும் தொடர் கைக்கு வரும். பயில்பவர் என்ன செய்வது? சண்டையிட்டால் வேலை போகும். வாய்மூடிப் படித்தால் மொழி போகும். வழி ஒன்று உண்டு. எழுதியபடி ஒரு பதிவு செய்க. உடனே 'குறைந்த விலையில் கூடுதல் வெண்மை பெறுங்கள்' என்று திருத்தியபடி மற்றொரு பதிவும் செய்து, இரண்டையும் ஒன்றாய் அனுப்புக. தமிழறியாத முதலாளிக்கும் காது உண்டு. எது தடையின்றி ஓடுகிறது என்று அவர் கேட்டறிவார். பத்துப் பேர் இப்படிச் செய்தால் எழுதுபவரே திருந்துவார். இது கெஞ்சலும் அன்று, கிளர்ச்சியும் அன்று. தொழிலறிவால் செய்யும் மொழிக்காப்பு.

விழுங்கப்படும் வரி

இத்தனையும் கற்றவர்க்கு இறுதியாய் ஒரு தேர்வு உண்டு. அது நாவுக்கன்று, நெஞ்சுக்கு. விளம்பரத்தின் முற்பகுதியில் குரல் தேனாய்ச் சொட்டும். கடைசி இரண்டு நொடியில், 'கட்டுப்பாடுகளுக்கு உட்பட்டது', 'முதலீடு இழப்புக்கு உட்பட்டது' என்னும் வரி புயலாய்ப் பறக்கும். எவருக்கும் விளங்கக்கூடாது என்பதற்காகவே விரைந்து படிக்கப்படும் வரி அது. தொழிற்பூங்காக்களைச் சூழ்ந்த ஊர்களில் இதன் கேட்டினை எண்ணிப் பாருங்கள். ஆள்சேர்ப்பு அறிவிப்பில் ஊதியத்தை ஓங்கிச் சொல்லி, 'ஒப்பந்த அடிப்படையில்' என்பதை விழுங்கினால், ஓர் இளைஞன் தன் படிப்பை விட்டுவிட்டுப் பேருந்தேறிவிடுவான். நகைக்கடன் விளம்பரத்தில் வட்டியை விழுங்கினால் ஒரு தாலி மீளாது.

2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் திசைதிருப்பும் விளம்பரங்களுக்குத் தண்டம் வைத்திருக்கிறது. பொருளைச் செய்பவர்க்கும் அதனைப் பரிந்துரைப்பவர்க்கும் 10 இலக்கம் உருபா வரை தண்டம் விதிக்கலாம் என்கிறது. சட்டம் யாரைப் பிடிக்கும், யாரை விடும் என்பது வழக்கறிஞர் கணக்கு. அறத்தின் கணக்கு வேறு. விழுங்கச் சொல்லும் வரியை விளங்கச் சொல்வது குரலாளரின் கடன். 'இந்த வரிக்கு இன்னும் மூன்று நொடி கொடுங்கள்' என்று கேட்கும் துணிவு வேண்டும். கொடுக்க மறுத்தால் அந்த வேலையை மறுக்கும் துணிவும் வேண்டும். வயிற்றுப்பாட்டை வைத்துக்கொண்டு மறுப்பது எளிதன்று. எளிதன்று என்பதால்தான் அதற்கு மதிப்பு.

இன்று பொறிகளும் பேசத் தொடங்கிவிட்டன. மறைந்த பாடகர்களான பம்பா பாக்கியா, சாகுல் அமீது ஆகியோரின் குரல்களைச் செயற்கை நுண்ணறிவால் உருவாக்கி, அவர்தம் குடும்பத்தார் இசைவுபெற்று, ஏ.ஆர். இரகுமான் 2024இல் ஒரு திரைப்பாடலில் பயன்படுத்தினார். குரலை உடம்பிலிருந்து பிரித்தெடுக்கும் காலம் வந்துவிட்டது. ஆகலின் குரலாளர் எந்த ஒப்பந்தத்திலும், தம் பதிவைக் கொண்டு பொறிக்குரல் செய்யும் உரிமையைத் தருகிறோமா இல்லையா என்று பார்த்தே கையெழுத்திட வேண்டும். பொறி களைப்பதில்லை, மூச்சு வாங்குவதில்லை, ழகரத்தையும் ஒருநாள் பிழையறக் கற்றுக்கொள்ளும். அப்போது மாந்தக் குரலுக்கு எஞ்சுவது என்ன? பொய்யைப் படிக்கக் கொடுத்தால், 'படிக்கமாட்டேன்' என்று தானே மறுக்கும் வாய் எஞ்சும். வாங்கிய காசுக்குக் குரலையும், கேட்கும் மக்களுக்கு மெய்யையும் தரும் பொறுப்பு எஞ்சும்.

உடன்பிறந்தீர்! உப்பு விற்ற அந்த உமணப் பெண் விலையை மறைத்துச் சொல்லவில்லை. நேர்விலை சொன்னாள், ஊராரை விளித்தாள், கொள்ளுமாறு கேட்டாள். தேர்வாய் கண்டிகையின் பிள்ளைகள் அவள் வழியினர். இன்று இரவே மின்விசிறியை நிறுத்திவிட்டு, போர்வையைச் சுவரில் தொங்கவிட்டு, பத்து மணித்துளி படித்துப் பழகுங்கள். நாளை அதனைக் கேட்டுத் திருத்துங்கள். நிலமும் நீரும் பிறர்க்குப் போன ஊரிலிருந்து குரலாவது தன் தமிழோடு வெளியே போகட்டும்!

வாய் திறந்தால் தமிழ்! தமிழ் திறந்தால் மெய்!